சாக்கடையிலிருந்து கடல்வரை: சென்னைக் கரையோரக் கழிவுநீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் சங்கக் கூட்டம், காலை நடை, மீன் வாங்கும் இடம் என்று எங்கே போனாலும் இதே ஐயங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன், கோபத்தோடு கேட்டவற்றையும் சேர்த்து.

1. எங்கள் வீட்டுக் கழிப்பறைத் தண்ணீர் கடைசியில் எங்கேதான் போகிறது?

பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால், தெருக் குழாய் வழியாகக் கழிவுநீர் உந்து நிலையத்துக்கும் அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போகிறது. சென்னை தட்டையான ஊர். சரிவிலேயே ஓடவிட வேண்டுமென்றால் சிறிது தூரத்திலேயே குழாயை மிக ஆழத்தில் பதிக்க வேண்டிவரும். அதனால் வழியில் ஆங்காங்கே பம்பு வைத்து மேலே ஏற்றி, மறுபடி ஓடவிடுகிறார்கள். ஓர் உந்து நிலையத்தில் மின்சாரமும் போய், ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை என்றால் கழிவுநீர் பக்கத்துக் கால்வாயில் வழியும்.

சுத்திகரித்த நீரில் பெரும்பகுதியும் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. கொடுங்கையூர் நிலையத்து நீர் பக்கிங்காம் கால்வாய்க்கும், கோயம்பேட்டு நீர் கூவத்துக்கும், நெசப்பாக்கத்து நீர் அடையாற்றுக்கும் போகின்றன. பெருங்குடி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குப் பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. இவை கடலில் சேரும் இடங்கள் எண்ணூர், நேப்பியர் பாலத்துக்கு அப்பால், பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே, முட்டுக்காடு: இந்த நான்கு வாய்களையும் நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பதில்களில் பாதி இவற்றைப் பற்றியதுதான்.

2. ஒரு வீட்டிலிருந்து அப்படி எவ்வளவு வந்துவிடப் போகிறது?

திட்டமிடும் பொறியாளர்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று கணக்கு வைப்பார்கள். அதாவது ஆளுக்கு 108 லிட்டர். வீட்டுக்கு நான்கு பேர் வீதம் நூறு வீடுகள் உள்ள தெருவில் ஒரு நாளைக்கு 43,000 லிட்டருக்கு மேல் சேரும். 9,000 லிட்டர் லாரி ஐந்து. ஒரே தெரு, ஒரே நாள்.

3. சுத்திகரிப்பு நிலையத்தில் என்னதான் செய்கிறார்கள்? மருந்து போடுகிறார்களா?

மருந்து கடைசியில்தான், அதுவும் கொஞ்சம் குளோரின். பெரும்பாலான வேலையை நுண்ணுயிர்கள் செய்கின்றன. முதலில் கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக், நாப்கின் எல்லாம் சிக்கும். நிலையத்துக்குப் போனால் அந்த இடத்தைப் பார்க்காமல் வராதீர்கள். நாம் கழிப்பறையில் போட்டு மறந்த பொருள்கள் அத்தனையும் அங்கே வரிசையாகத் தொங்கும். அடுத்து மணல் படியும் தொட்டி, அதற்கடுத்துக் கசடு படியும் தொட்டி.

பிறகு காற்றூட்டும் தொட்டி. பழுப்பு நிறத்தில் கொதிப்பதுபோல் இருக்கும். அங்கே காற்றைச் செலுத்திக்கொண்டே இருப்பதால் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கரைந்த அழுக்கைத் தின்று பெருகுகின்றன. அடுத்த தொட்டியில் அந்தப் பாக்டீரியாக் கூட்டமே அடியில் படிந்துவிட, மேலே தெளிந்த நீர் வழிந்து வரும். படிந்த கசட்டில் ஒரு பகுதியை மறுபடி காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புவார்கள், அதில்தான் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். மிச்சம் காற்றுப் புகாத செரிப்பான்களுக்குப் போய் எரிவாயு ஆகிறது. அந்த வாயுவில் மின்சாரம் எடுத்து நிலையத்தையே ஓட்டும் ஏற்பாடு சென்னையில் பல ஆண்டுகளாக உண்டு.

4. அவ்வளவு பெரிய கடலில் இதெல்லாம் எம்மாத்திரம்? உப்பே கிருமியைக் கொன்றுவிடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஓரளவு உண்மையும் இதில் இருக்கிறது. வெயிலும் உப்பும் ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியாக்களைச் சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் பெருமளவு அழித்துவிடும். ஆனால் எண்டரோகாக்கஸ் வகை இன்னும் தாக்குப்பிடிக்கும், மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் அதைவிடவும். காலராக் கிருமிக்கோ கழிமுகத்து உவர்நீர் பிறந்த வீடு.

கடல் பெரியது, சரி. கழிவுநீர் அந்தப் பெரிய கடலுக்குப் போவதே இல்லை. அது நன்னீர், கடல்நீரைவிட இலேசானது. மேலாகப் பரவி, கரையை ஒட்டி ஓடும் நீரோட்டத்தோடு கரையோரமாகவே நகரும். சென்னைக் கரையில் ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை அந்த ஓட்டம் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் இருக்கும். மனிதர் குளிப்பதும், கரைவலை இழுப்பதும், மீன்குஞ்சுகள் வளர்வதும் அந்தக் கரையோர நீரில்தான்.

இன்னொரு கணக்கு. அழுக்கைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதை பி.ஓ.டி. என்ற அளவால் சொல்வார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரில் அது லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவில் இருக்கும். நம் வெதுவெதுப்பான கடலில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம். ஆக ஒரு லிட்டர் கழிவுநீர், சுமார் 40 லிட்டர் கடல்நீரின் மூச்சை முழுதாக எடுத்துக்கொள்ள வல்லது. 2ஆம் கேள்வியின் தெருக் கணக்கோடு இதைப் பெருக்கிப் பாருங்கள்.

5. இத்தனை நிலையங்கள் இருந்தும் கூவம் ஏன் இன்னும் நாறுகிறது?

நிலையத்துக்கு வந்து சேராத கழிவுநீரால். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் செருகிய வீட்டுக் குழாய், அடைப்பெடுக்காமல் வழியும் மேன்ஹோல், இரவில் கால்வாய் ஓரம் கொட்டிவிட்டுப் போகும் லாரி, இணைப்பே இல்லாத புறநகர். நாடு முழுவதும் இதே கதை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி நகர்ப்புற இந்தியாவில் நாளொன்றுக்கு 7,236.8 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. நிலையங்களின் திறன் 3,184.1 கோடி. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023.5 கோடி.

கடைசி இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். கட்டிய நிலையமே நிரம்பவில்லை. புதிய நிலையத்துக்கு அடிக்கல் நாட்டுவது எளிது, படமும் வரும். தெருத்தெருவாகத் தோண்டி வீட்டு இணைப்பு கொடுக்கும் வேலைக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. என்னைக் கேட்டால் கடல் கெடுவது சமையலறைக் குழாய்க்கும் நிலையத்தின் சல்லடைக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான்.

6. கழிப்பறை நீரை ஒழுங்காகத்தான் விடுகிறோம். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரை மட்டும் மழைநீர் வடிகாலில் விட்டால் என்ன தப்பு?

சட்டப்படியும் தப்பு, கடலுக்கும் கேடு. மழைநீர் வடிகால் எந்த நிலையத்துக்கும் போவதில்லை, நேராகக் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகிறது. சோப்பு, எண்ணெய், சோற்றுக் கஞ்சி எல்லாமே ஆக்சிஜனைத் தின்பவை. சலவைத்தூளில் உள்ளது வேறொரு வினையைக் கொண்டுவருகிறது, அது 9ஆம் கேள்வியில்.

7. மழைத் தண்ணீர் தெருவில் நின்றால் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறோம். உடனே வடிந்துவிடுகிறது. அதிலும் குற்றமா?

உங்கள் தெருவில் வடிகிறது. தாழ்வான தெருவில் வேறொருவர் வீட்டுக் கழிப்பறை வழியாக மேலே வருகிறது. சென்னையில் கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் தனித்தனியாக வடிவமைக்கப்பட்டவை. கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு பெருமழையைத் தாங்கும் வயிறு கிடையாது. மழைநீரோடு தெரு மணலும் உள்ளே போகிறது. அது படிந்து, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் அடைப்பு. நிலையத்திலோ காற்றூட்டும் தொட்டியில் வளர்த்து வைத்த பாக்டீரியாக்கள் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்பட்டால், மறுபடி வளர்த்தெடுக்க நாள்கள் ஆகும். திறந்த மூடியில் மனிதர் விழுந்து இறப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

8. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்கிறதே, அழுக்கு கடலுக்குப் போகாமல் தடுப்பதால் அது நல்லதுதானே?

கடலோடு கூடிய ஆற்றுவாய்க்குள் அலை ஏறி இறங்கும்போது ஆக்சிஜன் உள்ள நீர் உள்ளே வந்துபோகும். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் கோடையில் ஆற்று ஓட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் வாயை மூடிவிடுகிறது. துறைமுகத் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்ற கதையும் இதே நீரோட்டத்தின் வேலைதான். வாய் மூடியதும் உள்ளே நிற்பது தேங்கிய கழிவுநீர். ஆக்சிஜன் தீர்ந்து, அடியில் கறுப்புச் சேறு சேர்ந்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும்.

பிறகு முதல் மழை. மணல் திட்டு உடைந்து, பல மாதச் சரக்கு ஒரே நாளில் கடலுக்குப் போகிறது. அடியிலிருந்த சேறு கலங்கி, மிச்சமிருந்த ஆக்சிஜனையும் குடிக்கிறது. அடையாறு கழிமுகத்தில் மீன்கள் செத்து மிதக்கும் செய்தி முதல் மழையை ஒட்டி வருவது இதனால்தான். முகத்துவாரத்தைத் தூர்வாரி வைப்பது அவசியம். ஆனால் மேலிருந்து கழிவுநீர் வந்துகொண்டிருக்கும்வரை, அதே வேலையை ஆண்டுதோறும் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

9. பட்டினப்பாக்கத்தில் பனிபோல நுரை வருகிறதே, குழந்தைகள் விளையாடலாமா?

வேண்டாம். 2019 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் மெரினா, பட்டினப்பாக்கம் கரையில் முழங்கால் உயரத்துக்கு நுரை ஒதுங்கியதும், குழந்தைகள் அதில் புரண்டதும் நினைவிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் மழைக்காலங்களில் அது வந்திருக்கிறது. கடலில் இயல்பாகவே கொஞ்சம் நுரை உண்டு, பாசிகள் சிதைந்து வரும் புரதத்தால். இந்த அளவு நுரை, மழை வெள்ளத்தோடு அடையாறு கொண்டுவரும் சலவைச் சோப்பும் சுத்திகரிக்காத கழிவும் அலையில் கடையப்பட்டு உண்டாவது. தொட்டவுடன் யாரும் விழுந்துவிடப் போவதில்லை. ஆனால் அந்த நுரையைத் திரட்டிய தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை 4ஆம் கேள்வியில் பார்த்தோம். கண்ணிலும் வாயிலும் போகும், தோலில் அரிப்பு வரும்.

10. இரவில் கடல் நீலமாக ஒளிர்ந்ததே, அதுவும் சாக்கடையாலா?

2019 ஆகஸ்டில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ஒளிர்ந்தது நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர். அசைத்தால் ஒளிரும். அது தோன்றுவதற்குக் கழிவுநீர் கட்டாயமில்லை. அடிக்கடலின் சத்துள்ள நீர் மேலே வந்தாலும் பெருகும். ஒரு முறை ஒளிர்ந்ததை வைத்துச் சாக்கடை மீது பழி போடுவதும் தவறு, "இயற்கை அழகு" என்று கைதட்டி விட்டுவிடுவதும் தவறு. அதன் பச்சை வகை அதே ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பக்கம் பெருகியபோது கடல் பச்சையானது, மீன்கள் செத்து ஒதுங்கின.

11. எங்களுக்கு செப்டிக் டேங்க் இருக்கிறது. இந்தப் பேச்சு எங்களுக்கு எதற்கு?

செப்டிக் டேங்க் கசட்டை மட்டும் பிடித்துவைக்கும். வெளியேறும் நீரில் கிருமியும் நைட்ரஜனும் பெருமளவு அப்படியே இருக்கும். அதை மண்தான் வடிகட்ட வேண்டும். கடலோர மணலில் தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும், நிலத்தடி நீரும் மேலாகவே இருக்கும். வடிகட்ட நேரமே இல்லை. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 30க்கு 40 அடி உள்ள அரை கிரவுண்டு மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 15 மீட்டர்தான். உங்கள் கிணற்றிலிருந்து தப்பினால் பக்கத்து வீட்டுக் கிணறு.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசட்டை எடுத்தே ஆக வேண்டும். உரிமம் உள்ள லாரியைக் கூப்பிடுங்கள்; 14420 என்ற எண்ணில் கேட்கலாம். எங்கே கொண்டுபோய் இறக்குகிறார்கள் என்றும் கேளுங்கள். மலக்கசட்டுக்கென்றே தனி நிலையம் தமிழ்நாட்டில் முதலில் 2017இல் கருங்குழியில் வந்தது, பிறகு மற்ற ஊர்களிலும். எந்தக் காரணத்துக்காகவும் ஆளைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மிகும்போது மூக்கே மரத்துப்போகும்; வாடை இல்லை என்பதை நம்பி இறங்கியவர்கள் பலர் திரும்பவில்லை.

12. கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில் மட்டும் சாக்கடைக் குழாய் சீக்கிரம் உள்வாங்கிவிடுகிறதே, ஏன்?

நல்ல கேள்வி, கேட்டவர் ஒரு மேஸ்திரி. விரிசல் விட்ட பழைய குழாய்க்குள் உவர் நிலத்தடி நீர் கசிகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் உண்டு. காற்றில்லாத குழாயில் சில பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக்குகின்றன. அது மேலே எழும்பிக் குழாயின் ஈரமான மேற்புறத்தில் ஒட்ட, அங்கிருக்கும் வேறு பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கான்கிரீட்டைக் கரைக்கிறது. அதனால்தான் குழாயின் அடிப்பக்கம் உறுதியாக இருக்க, முதுகு மட்டும் காகிதம்போல் மெலிந்து, ஒருநாள் சாலையோடு உள்ளே போகிறது.

கூடவே இன்னொரு நட்டம்: உப்பேறிய கழிவுநீரைச் சுத்திகரித்தாலும் தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ தர, உப்பை எடுக்கும் செலவு கூடுகிறது.

13. கடலில் குளிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

முகத்துவாரத்தின் அருகிலும், மழை பெய்த அடுத்த சில நாள்களிலும், கூடாது.

ஒரே வார்த்தை போதாதவர்களுக்கு: குளிக்கவும் வணிக மீன்பிடிக்கும் உகந்த கடல்நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) 100க்குள், பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய வாரியத்தின் அளவுகோல். சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியேற்றும் நீரில் கோலிஃபார்ம் 1,000க்குள் இருக்க வேண்டும் என்றது 2017 அரசாணை; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் 230 என்று இறுக்கியது. சுத்திகரிக்காத கழிவுநீரில் அது பத்து லட்சக்கணக்கில் இருக்கும். கோவளம் கடற்கரை 2021இல், தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றைப் பெற்றது; அந்தச் சான்றுக்கான 33 விதிகளில் நீரின் தரத்தைத் தொடர்ந்து சோதிப்பதும் ஒன்று. குடையும் நாற்காலியும் போட்டால் நீலக்கொடி கிடைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

14. அப்படியென்றால் மீன் சாப்பிடலாமா?

தாராளமாக. ஆழ்கடல் மீனுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பே இல்லை. கழிமுகத்து மீனையும் நன்றாக வேகவைத்தால் கழிவுநீர்க் கிருமி பற்றிய பயம் வேண்டாம். எச்சரிக்கை வேண்டியது மட்டி, ஆளி போன்றவற்றில். அவை நீரை வடிகட்டி உண்பதால் அதிலுள்ள கிருமியையும் உடம்பில் சேர்த்துவைக்கும், அரைவேக்காடு ஆபத்து. தொழிற்சாலைக் கழிவின் ஈயம், பாதரசம் போன்றவை சமைத்தாலும் போகாது. எண்ணூர்க் கழிமுகத்தில் அது தனிப் பிரச்சினை, சாக்கடையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

15. மும்பையில் நடுக்கடல்வரை குழாய் போட்டு விடுகிறார்களாமே. இங்கும் போட்டுவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

வொர்லியில் 3.4 கிலோமீட்டரும் பாந்த்ராவில் 3.7 கிலோமீட்டரும் கடலுக்கடியில் குழாய் போயிருக்கிறது. கரையோரக் கிருமியைக் குறைக்க அது உதவும், நுனியில் பல துளைகள் வழியாகப் பிரித்து விடுவதால் 4ஆம் கேள்வியில் சொன்னபடி கழிவுநீர் கரையோரமாகவே நகர்வதும் குறையும். ஆனால் அழுக்கு காணாமல் போவதில்லை. அந்த மும்பையே வொர்லி, பாந்த்ரா உட்பட ஏழு இடங்களில் புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டிக்கொண்டிருக்கிறது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 கோடையில் ஏரிகள் வற்றி ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. நன்னீரைக் குழாய் போட்டுக் கடலில் தள்ளும் வசதி நமக்கு இல்லை. மணலியின் எண்ணெய் ஆலையும் உர ஆலையும் 1990களிலிருந்தே கொடுங்கையூர் நீரை வாங்கிப் பயன்படுத்துகின்றன. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு (சுத்திகரித்த நீரைத் தொழிற்சாலைக்கு ஏற்றபடி மேலும் சுத்தமாக்குவது) தொடங்கி, மணலிக்கும் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் நீர் போகிறது. தொழிற்சாலை குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் ஏரியில் மிச்சம், கடலுக்கும் பாரம் குறைவு.

16. கடல் இப்படி இருக்க, நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கித் தருகிறார்களே, அது பாதுகாப்பானதா?

எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் உப்பையே தடுக்கும் சவ்வு வைரஸையும் தடுக்கும், பிறகு குளோரினும் சேர்க்கிறார்கள். குடிப்பவருக்குப் பயமில்லை, ஆலைக்குத்தான் பயம். பாசி பெருகினால் வடிகட்டிகள் அடைத்துக்கொள்ளும். 2008, 2009இல் ஓமன், ஐக்கிய அரபு எமிரேட்ஸ் கரைகளில் செம்பாசி பெருகியபோது கடல்நீர் ஆலைகளை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. நெம்மேலியிலும் மீஞ்சூரிலும் இவ்வளவு முதலீடு செய்துவிட்டு, கரையோர நீரைக் கெடவிடுவது கையிலிருக்கும் காசைக் கொளுத்துவது.

17. பி.ஓ.டி. அளவு சரியாக இருக்கிறது என்கிறார்கள். பிறகும் ஏன் பாசி வருகிறது?

3ஆம் கேள்வியில் சொன்ன முறை கரைந்த அழுக்கை 90 விழுக்காடு அளவில் நீக்கும். நைட்ரஜனையும் பாஸ்பரசையும் அவ்வளவாக நீக்காது. அவை பாசிக்கு உரம். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்: ஒரு தொட்டியில் காற்று, அடுத்ததில் காற்றில்லாமை என்று மாற்றி மாற்றிச் செலுத்தினால் பாக்டீரியாக்களே நைட்ரஜனை வாயுவாக்கி வெளியேற்றிவிடும். பசுமைத் தீர்ப்பாயத்தின் 2019 உத்தரவு லிட்டருக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 மில்லிகிராம் என்று வரம்பு சொன்னது இதற்காகத்தான்.

அலையும் ஆழமும் உள்ள சென்னைக் கடலைவிடப் பாக் விரிகுடாவில் இது பெரிய விஷயம். ஆழம் குறைந்த, அமைதியான நீர். அங்கே கடற்புல் வளர வெளிச்சம் வேண்டும். பாசியால் நீர் கலங்கினால் புல் சாகும், அதை மேயும் கடற்பசு பட்டினி. 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்திருக்கிறோம். அந்தக் கரையோரச் சிற்றூர்களின் சாக்கடைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்க வேண்டியது அதன் தொடர்ச்சி.

18. புகார் கொடுத்தால் "பார்க்கிறோம்" என்கிறார்கள். உருப்படியாக எப்படிக் கொடுப்பது?

"நாற்றம் அடிக்கிறது" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. மே மாதத்தில், மழையே இல்லாத நாளில், காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதுக்குள் மழைநீர் வடிகால் ஆற்றிலோ கால்வாயிலோ சேரும் இடத்துக்குப் போங்கள். வீடுகளில் தண்ணீர் அதிகம் புழங்கும் நேரம் அது. அப்போது வடிகாலில் தண்ணீர் ஓடினால் பெரும்பாலும் கழிவுநீர்தான். தேதி, நேரம், இடக்குறிப்போடு படம் எடுங்கள். பிறகு வடிகாலை ஒட்டியே மேல்நோக்கி நடந்து, ஒவ்வொரு மூடியிலும் ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்து, எந்த இரண்டு மூடிகளுக்கு நடுவில் அது தொடங்குகிறது என்று குறியுங்கள். மூடியை நீங்கள் தூக்காதீர்கள், துளை வழியே சத்தமே கேட்கும்.

அந்தக் குறிப்போடு, வடிகாலுக்கு மாநகராட்சியிடமும் குழாய் இணைப்புக்குக் குடிநீர் வாரியத்திடமும் (1916) ஒரே நாளில் புகார் கொடுங்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் மற்றவரைக் கைகாட்டுவார்கள். உள்ளே தேடிப் பார்த்தால் அந்த இணைப்பு உங்கள் அடுக்குமாடியிலிருந்தே வருவதாகவும் இருக்கலாம். எனவே மனு எழுதும் முன் உங்கள் கட்டடத்தின் குழாய் வரைபடத்தை ஒருமுறை பிளம்பரோடு சரிபார்த்துவிடுங்கள்.